உள்வேலி ஓரத்து ஈரம்

என் கணவருக்கு மே மாதம் பிறந்தால் கால் தரையில் பாவாது. காரைக்குடி வெயிலில் தெருநாய்கூட நிழல் தேடி ஒதுங்கும் நாட்களில், அவர் பீரோவின் அடித்தட்டிலிருந்து கம்பளி ஸ்வெட்டரை எடுத்து உதறிக் கொடியில் போடுவார். ஸ்வெட்டர் கொடியில் ஏறிவிட்டால் தெருவுக்கே செய்தி போய்விடும், டீச்சர் வீட்டுக்காரர் ஊட்டிக்குக் குதிரை ரேஸ் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று.

மற்றபடி தங்கமான மனிதர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ரேசில் அவர் வாங்கும் டிக்கெட்டும் குடும்பத்தைக் கவிழ்க்கிற அளவுக்கு இல்லை. அதனால் என் கோபம் யாருக்கும் புரிந்ததில்லை. "ஆம்பளைக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா, விடுங்க டீச்சர்" என்பார்கள் பக்கத்து வீட்டில். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். வருடம் முழுக்க மணி அடித்த பக்கமெல்லாம் ஓடிவிட்டு, குடும்பத்தோடு உட்கார எனக்குக் கிடைப்பது அந்த மே மாதம் ஒன்றுதான். அதைக் குதிரை தின்றுகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், எங்கள் மகளுக்கு மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. பூசை முடியும்வரை இவர் பக்திமானாக முழந்தாளிட்டிருந்தார். வெளியே வந்து ஸ்டூடியோக்காரர் எங்களைப் படத்துக்கு நிறுத்தியபோது ஆளைக் காணோம். கோவில் வாசலில் ஊட்டி போகிற வேன்காரன் ஹாரன் அடித்திருக்கிறான், இவர் ஏறிப் போய்விட்டார். "கொஞ்சம் நகந்து நில்லுங்கம்மா, பக்கத்துல இடம் காலியாத் தெரியுது" என்று ஸ்டூடியோக்காரர் கெஞ்சினார். நான் நகரவில்லை. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே படம் எடுத்து, பெரிதாகக் கழுவி, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினேன். பாவம், ஒரு வருடம் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறு வருடமும் ஸ்வெட்டர் கொடிக்கு வந்தது. அன்று சாயங்காலமே அவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இந்தத் தடவையும் தோத்துட்டு வந்தா என்ன செய்வீக?"

"தோக்க மாட்டோம்."

"தோத்தா?"

"தோத்தா விட்டுர்றேன்."

"எதை விடுவீக? தெளிவாச் சொல்லுங்க. மாதா கேக்குறாக."

பெரிய பந்தயத்தில் அவர் டிக்கெட் வாங்கும் குதிரை தோற்றால், பிறகு எந்த ஊர் ரேஸ் மைதானத்துக்குள்ளும் கால் வைப்பதில்லை, டிக்கெட்டைக் கையால் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். எனக்கு அதுவும் போதவில்லை. "நானும் வாரேன். நீங்க தோக்குறதை என் கண்ணால பாக்கணும்" என்றேன். பிள்ளைகளை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டு நானும் வேனில் ஏறினேன்.

அந்த வேனுக்குத் தலைவர் நெற்குப்பைக்காரர் ஒருவர். காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆனால் அவரை யாரும் கடைக்காரர் என்று சொல்வதில்லை, கொடி அண்ணன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கம் திருவிழாவென்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் நடக்காது. வண்டிகள் ஊர் எல்லையில் புறப்பட்டு, தார் ரோட்டிலேயே மைல் கணக்கில் போய், ஓரிடத்தில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். திரும்புகிற இடத்தில் ஒருவர் கொடியோடு நின்று, எல்லா வண்டியும் ஒழுங்காகச் சுற்றித் திரும்புகிறதா என்று பார்ப்பார். நேமத்தான்பட்டி ரோடானாலும் கண்டரமாணிக்கம் ரோடானாலும் கொடியோடு நிற்கிறவர் இவர்தான். எத்தனையோ திருவிழாவில் அந்தப் புழுதியில் நின்று அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. உள்பக்கமாக ஒட்டித் திரும்புகிற வண்டிதான் ஜெயிக்கும். வெளியே மாட்டிக்கொண்ட வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் மற்றவன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிடுவான்.

அதே உண்மையை அவர் ஊட்டிக் குதிரைகளுக்கும் கொண்டுபோயிருந்தார். ரேஸ் புத்தகத்தில் எந்தக் குதிரை எத்தனாவது கூண்டிலிருந்து புறப்படும் என்று அச்சடித்திருப்பார்கள். முதல் கூண்டு உள்வேலியை ஒட்டியது, கடைசிக் கூண்டு வெளி ஓரத்தில் இருப்பது. கொடி அண்ணன் உள்வேலிப் பக்கத்துக் குதிரைகளில் நல்லதாக ஒன்றைச் சொல்வார். வேன் முழுக்க அந்த ஒரு குதிரைக்கே டிக்கெட் வாங்கும். வண்டிப் பந்தயத்தில் சொந்த ஊர் மாட்டுக்கு எதிராகப் பந்தயம் கட்டினவனோடு பேச்சு வார்த்தை கிடையாது. அந்தக் கட்டுப்பாடு இவர்களோடு மலையும் ஏறியிருந்தது. ஓடுகிற குதிரை எந்த ஊரோ, அதன் முதலாளி எந்த நாட்டிலோ. இருந்தாலும் வேனுக்கு அது 'நம்ம குதிரை'.

"என்ன டீச்சர், நீங்களும் வந்துட்டீகளா? நல்லதாப் போச்சு. நம்ம குதிரை ஜெயிக்கிறதைப் பாருங்க" என்றார் கொடி அண்ணன். தோற்பதைப் பார்க்க வந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது.

நாங்கள் ஊட்டி போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழைதான் என்றாலும் விடிய விடியப் பெய்தது. காலையில் மழை விட்டு வெறித்திருந்தது. இவர்களெல்லாம் லாட்ஜில் போர்த்திக்கொண்டு கிடக்க, நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு தனியாக மைதானத்துப் பக்கம் நடந்தேன்.

அதை எப்படிச் சொல்வது? ஊருக்கு நடுவில், மலைகள் சுற்றி நின்று குனிந்து பார்க்கிற ஒரு பள்ளத்தில், அவ்வளவு பச்சை. செம்மண்ணையும் கருவேலங்காட்டையும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது கூசியது. பனி புல்லை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. பிறகுதான் குதிரை வந்தது. காலைப் பழக்கத்துக்கு விட்டிருந்தார்கள். கழுத்தில் நரம்பு புடைக்க, மூக்கிலிருந்து ஆவி பறக்க, என்னைப் பார்க்காமலே கடந்து போனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். பூகோளம் நடத்துகிறவளுக்கு உலகத்தில் இப்படியொரு பிராணி இருப்பது அன்றுதான் உறைத்தது. என் மே மாதங்களைத் தின்றது இதுதானா என்று பார்த்தேன். கோபம் வரவில்லை.

கோபம் வராத இடத்தில் என் தொழில் புத்தி வந்தது. மழை பெய்தால் எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்க மாட்டோம், தரையைப் பார்ப்போம். கூரையில் விழுந்தது முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெருக் கால்வாய்க்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு என்று ஒரு சொட்டு வழிதவறாமல் போவதற்காகவே சாய்த்துக் கட்டப்பட்ட ஊர்கள் செட்டிநாட்டு ஊர்கள். மழைக்காலத்தில் நான் பாடத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் இறக்கி, "தண்ணி எங்குட்டுப் போகுது, சொல்லுங்க பாப்போம்" என்பேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஓட்டப் பாதை மட்டமாக இல்லை. வெளி ஓரம் மேடாகவும் உள்வேலி ஓரம் தாழ்வாகவும், தாம்பாளம் மாதிரி உள்ளே சாய்ந்திருந்தது. பெய்த மழை முழுக்க எங்கே போயிருக்கும் என்று சின்னப் பிள்ளை சொல்லும். உள்வேலி ஓரம் நெடுக மைனாக்கள் இறங்கி மண்புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. வெளி ஓரத்தில் ஒரு மைனா இல்லை.

அப்போது பாதையில் ஓர் ஆள் நடந்து வந்தார். குள்ளம், ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. உள்வேலி ஓரம் வந்து குதிகாலால் புல்லை அழுத்தினார். நடுவில் வந்து அழுத்தினார். வெளி ஓரத்துக்கு, என் பக்கத்தில் வந்து அழுத்திவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அவரும் தண்ணீரைத் தேடி வந்தவர் என்று புரிந்தது.

பிற்பகல் பந்தயங்கள் தொடங்கின. ஒவ்வொன்றிலும் ஒரே கதைதான். உள்ளே ஓடிய குதிரைகள் வளைவு வரை முன்னால் வந்தன, கடைசி நேர் பாதையில் யாரோ பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுப்பது போல ஓய்ந்தன. குளம்பு புதைந்து புதைந்து எழுந்தது. கொடி அண்ணன் சொன்னவை எல்லாம் தோற்றன. "இன்னைக்கு ஜாக்கிக சரியில்ல" என்றார் அவர். வேனே தலையாட்டியது.

பெரிய பந்தயத்துக்கு அவர் சொன்ன குதிரை முதல் கூண்டிலிருந்து புறப்படும் செவலை. அது உள்வேலியை ஒட்டித்தான் ஓடும், சேற்றில்தான் ஓடும், தோற்கும். நான் கேட்டு வாங்கிய சத்தியம் இன்னும் கொஞ்ச நேரத்தில் பலித்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இனி எல்லா மே மாதமும் என்னுடையது.

ஆனால் என்னால் முடியவில்லை. தோற்பது வேறு, சாய்ந்த தரையில் ஓடவிட்டுத் தோற்கடிப்பது வேறு. பரீட்சையில் ஒரு வரிசைக்கு மட்டும் கேள்வித்தாள் கொடுக்காமல் விட்டால் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

"செவலைக்கு வாங்காதீக. உள்பக்கமெல்லாம் தண்ணி நிக்குது. வெளிய ஓடுற குதிரைதான் இன்னைக்கு ஜெயிக்கும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நான் தோக்கணும்னுதான வந்த?"

"தோக்கணும்னுதான் வந்தேன். இப்படித் தோக்க வேண்டாம். அங்குட்டுப் பாருங்க, தரை சாஞ்சிருக்கு."

அவரும் காரைக்குடிக்காரர்தானே. பார்த்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது, முகமே சொன்னது. புத்தகத்தைப் புரட்டினார். கடைசிக் கூண்டில் ஒரு சாம்பல் குதிரை. ஓடுமுன் குதிரைகளை நடத்திக் காட்டும் சுற்றுவட்டத்தில் அது நடந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஏறக் காத்திருந்தவர் காலை லேசாக இழுத்து நடந்தார். காலையில் பார்த்த அதே ஆள்.

இவர் சாம்பலைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, டிக்கெட் ஜன்னல் பக்கம் தனக்காகக் காத்து நின்ற கொடி அண்ணனையும் மற்றவர்களையும் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா வேன்ல ஒண்ணா வந்துட்டு, நான் மட்டும் மாத்திப் போடவா? அண்ணன்கிட்டச் சொன்னா ஜாக்கி சரியில்லம்பாரு. ஊர் மாட்டுக்கு எதிராக் கட்டுன பேரு எனக்கு வேணாம்."

"சத்தியம்?"

"அது தெரிஞ்சுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு, தோற்கப் போகிற குதிரை என்று தெரிந்தே, போய் வரிசையில் நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வேனுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நேராகப் பெண்கள் நின்ற ஜன்னலுக்குப் போனேன். எங்கள் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரி மதர் கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆவது என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சாம்பலுக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். என் வாழ்க்கையின் முதல் டிக்கெட்.

கூண்டு திறந்தது. மைதானத்தின் எதிர்ப் பக்கத்தில் குதிரைகள் கோலப்பொடி சிந்தியது போலச் சின்னதாகத் தெரிந்தன. எல்லா ஜாக்கியும் வழக்கப்படி உள்வேலிக்கு நெருங்கினார்கள். செவலை முதலில். வேன் கூட்டம் வானம் இடியக் கத்தியது. சாம்பல் மட்டும் யாரோடும் சேராமல், வெளி ஓரத்தில் தனியாக, பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா, ஊரைச் சுத்துறான்" என்று கொடி அண்ணன் சிரித்தார். வளைவில் அது எல்லாவற்றுக்கும் பின்னால் கிடந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நேர் பாதைக்கு வந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. உள்ளே செவலையின் தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் மண் அதைப் பிடித்துவைத்து, யோசித்து, விட்டது. வெளியே, எங்களுக்கு மிக அருகில், சாம்பல் காய்ந்த புல்லில் வந்துகொண்டிருந்தது. சாட்டை இல்லை, கத்தல் இல்லை. அந்த ஆள் அதன் கழுத்தில் முகம் வைத்துப் படுத்திருந்தார். அதன் குளம்புச் சத்தம் வேறாகக் கேட்டது. உள்ளே சளக் சளக் என்று, வெளியே திம் திம் என்று. அந்தத் திம் என் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. கடந்து போகையில் அதன் கண்ணைப் பார்த்தேன். அதற்கு என்னையும் தெரியாது, பந்தயமும் தெரியாது. தனக்குக் கிடைத்த நல்ல தரையில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் வாய்விட்டு அழுதேன். ஆயிரம் பேர் போட்ட கணக்கை நேற்றுப் பெய்த மழை அழித்து எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தது அந்தக் கால் இழுத்த மனிதருக்கும், மைனாக்களுக்கும், எனக்கும்.

சாம்பல் ஜெயித்தது. செவலை எங்கேயோ பின்னால் வந்தது.

இவர் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அடிப்பாவி, ஜெயிச்சுட்டியே!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். வெளியே வரும்போது மட்டும் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, வாசலுக்கு உள்பக்கத்துப் புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வேனுக்கு நடந்தார். தரை சாய்ந்திருந்ததைக் கொடி அண்ணனிடம் அவர் சொல்லவில்லை. ஊர் திரும்பும் வரை ஜாக்கிகளின் மேல்தான் பழி போய்க்கொண்டிருந்தது.

அடுத்த மே மாதம் கொடியில் ஸ்வெட்டர் ஏறவில்லை. நான் ஆசைப்பட்டபடியே அவர் வீட்டில் இருந்தார். பிள்ளைகளுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார், என் அம்மா வீட்டுக்கு வந்து பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கோடை மழை ஒன்று பெய்தது. தெருவில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அந்தத் திம் திம் காலில் கேட்டது. அவர் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எதை நினைக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். கேட்டு வாங்குனவளே திருப்பிக் குடுத்தா சரிதான?" என்றேன்.

"ரேசுக்கு உள்வேலி, வெளிவேலி உண்டு. சத்தியத்துக்கு அது கிடையாது" என்றார்.

சத்தியம் செய்தவர் அவர்தான், நானில்லை. அதன் பிறகு ஓரிரு முறை ஊட்டிக்குப் போனோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நான் உள்ளே போவேன். அவர் மைதானத்துக்கு மேலே போகும் ரோட்டோரத்தில் பிள்ளைகளோடு நின்று, அங்கிருந்தே பார்ப்பார். மேலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். ரோட்டில் நிற்கக் கூடாது என்று மாதாவிடம் அவர் சொல்லவில்லை.

பிறகு ஒரு வருடம் எனக்குச் சென்னையில் சில நாள் ஆசிரியர் பணியிடைப் பயிற்சி. துணைக்கு இவரும் வந்தார். பயிற்சி முடிந்த மறுநாள் கிண்டியில் குதிரைப் பந்தயம் என்று தெரிந்தது. "போய்ப் பாத்துட்டு வா. அங்க பாதை எப்படின்னு வந்து சொல்லு" என்று அவரேதான் அனுப்பினார். வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில், சிமெண்ட் மேடையில் குடையோடு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து மைதானத்தில் ஒரு புல்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

கிண்டி எனக்கு வேறு விதமான பிரமிப்பாக இருந்தது. மலை இல்லை, பனி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கை வைத்துத் தடவிவிட்டது போல மட்டமாகக் கிடந்தது. வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காய்ந்தது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், தண்ணீர் ஒதுங்கிய இடம் ஒன்று இல்லை. முதல் பந்தயத்தில் உள்ளே ஓடியது ஜெயித்தது, அடுத்ததில் வெளியே ஓடியது, அதற்கடுத்ததில் நடுவில் வந்தது. என் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. தரை யார் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொள்ள, குதிரையும் குதிரையும் நேருக்கு நேர் மோதின. நான் டிக்கெட் வாங்கிய எல்லாம் தோற்றன. ஒவ்வொரு முறையும் கைதட்டினேன்.

வெளியே வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். எந்தக் குதிரை ஜெயித்தது என்று கேட்கவில்லை.

"பாதை எப்படி இருக்கு?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. இங்குட்டு அங்குட்டுன்னு ஒரு ஓரவஞ்சனை இல்ல."

அவர் குடையை மடக்கிவிட்டு வாசலைப் பார்த்தார்.

"அப்ப நான் இங்க வந்து தோத்திருக்கணும்" என்றார்.

குரலில் வருத்தமோ குறையோ இல்லை, உணவு நேரத்தில் சோறு கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. சாம்பல் குதிரையைப் பார்த்தபோது வந்த அதே அழுகை வந்தது. அந்த மேடையில் அவருக்குப் பக்கத்தில், நடுவில் கொஞ்சமும் இடம் விடாமல், ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.